அகண்டபுரியில் சொன்ன நல்ல வார்த்தை

கடலைத் தாண்டி, காட்டைத் தாண்டி, நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தபிறகு வரும் சமவெளியில் அகண்டபுரி என்றொரு நகரம் இருந்தது. அது மிகப் பெரிய நகரம். கிழக்கு வாசலில் ஒருவர் தும்மினால், மேற்கு வாசலில் இருக்கும் அவருடைய அத்தை 'நூறு வயசு' என்று வாழ்த்துவதற்குள் ஜலதோஷமே குணமாகிவிடும்.

அந்த நகரத்துக்கு ஒரு நாள் காலை, மேட்டுத்துறை என்ற சிற்றூரிலிருந்து செங்கமலம் தன் கணவனைத் தேடிக்கொண்டு வந்தாள்.

கணவன் பெயர் தவசி. முக்காலி செய்பவன். மேட்டுத்துறையில் எல்லார் வீட்டிலும் முக்காலி நிறைந்துவிட்டதால், "அவ்வளவு பெரிய ஊரு! எத்தனை பேருக்குக் கால் வலிக்கும், யோசிச்சுப் பாரு" என்று சொல்லி, ஒரு வண்டி முக்காலியோடு அகண்டபுரிக்குக் கிளம்பினான். அறுவடை முடிந்து போனவன், அடுத்த விதைப்புக் காலம் வந்தும் திரும்பவில்லை. செங்கமலம் கோழிகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டாள்.

மேட்டுத்துறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது இடத்துக்குப் போனால், முதலில் கண்ணில் படுவதைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். மாட்டுத் தொழுவம் கண்ணில் பட்டால்கூட, 'சாணி நல்ல பதமா இருக்கே' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். செங்கமலத்தின் வளர்ப்பு மிகச் சரியாக இருந்தது. தொல்லை அங்கேதான் தொடங்கியது.

நகர வாசலில் சரிகைத் தலைப்பாகை கட்டிய ஒருவர், நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

"வருக, வருக! நான் வரவேற்புத் துறை அமைச்சர் கம்பீரநாதன்" என்றார் மூச்சு வாங்க. "மாமன்னர் உலகுவியந்தார் சார்பில் தங்களுக்கு இந்தப் பூப்போட்ட குடையை வழங்குகிறேன். இதன் கீழ் தாங்கள் நிற்கலாம். குடையை விட்டு வெளியே வந்தால் உள்நாட்டவராகக் கருதப்படுவீர்கள். உள்நாட்டவர் நிற்பது குற்றம்."

"நின்னா என்னங்கய்யா ஆகும்?"

"நின்றவன் நாலு பக்கமும் பார்ப்பான், அம்மணி. பார்த்தவன் கேள்வி கேட்பான். ஒரு நாட்டின் பொருளாதாரம் அதைத் தாங்காது." அமைச்சர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "இப்போது சொல்லுங்கள். எங்கள் நகரத்தைப் பற்றி விருந்தினரின் கருத்து என்ன?"

செங்கமலம் வாசலுக்கு அப்பால் பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த மனிதர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் அந்த ஒரு தெருவுக்குப் போதாது. அத்தனை பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு மூட்டை. ஒருவர்கூட நிற்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே வாய் பிளந்துவிட்டது.

"ஆத்தாடி! என்னா வேகம்! இன்னும் கொஞ்சம் விட்டா கையை அடிச்சுக்கிட்டுப் பறந்துருவாங்க போலருக்கே!"

கம்பீரநாதனின் கண்கள் கலங்கின. அவர் விரலைச் சொடுக்கினார். தண்டோராக்காரர்கள் பறையைத் தட்டியபடி பல திசைகளில் ஓடினார்கள்.

"விருந்தினர் வாக்கு! விருந்தினர் வாக்கு! இந்த நொடி முதல் குடிமக்கள் அனைவரும் ஓடும்போது இரண்டு கைகளையும் சிறகு போல அடித்துக்கொள்ள வேண்டும்! தவறுவோர் தண்டிக்கப்படுவர்!"

செங்கமலத்துக்கு அது முழுதாகக் காதில் விழவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் போய்விட்டாள்.

உள்ளே போகப் போக ஆச்சரியம் குறையவில்லை. டீக்கடைக்காரர் அடுப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் ஓட, குடிப்பவர்கள் டம்ளரை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சவரம் செய்பவர் ஒரு கன்னத்தை இந்தத் தெருவிலும் மறு கன்னத்தை அடுத்த தெருவிலும் முடித்தார். வாத்தியார் பாடம் சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினார். வேகமாக ஓடிய பிள்ளைகளுக்குக் கூட்டல் தெரிந்தது, மெதுவாக ஓடியவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குச் சக்கரம் வைத்திருந்தார்கள். ஒரு நோயாளியை இன்னொரு நோயாளி தள்ள வேண்டும். பாதி வழியில் இடம் மாறிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு மட்டும் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. மணமக்கள் அக்கினியைச் சுற்றத் தொடங்கி, சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

எல்லாரும் இரண்டு கைகளையும் அடித்துக்கொண்டார்கள். தலையில் இருந்த மூட்டை விழாமலிருக்க, அதைத் துணியால் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஊருக்கே பல்வலி வந்தது போலிருந்தது.

திடீரென்று ஒரு பெண் குடைக்குள் புகுந்தாள். அவளுக்குக் கரியால் வரைந்த மீசை இருந்தது.

"மன்னிச்சுக்கக்கா, ஒரு நிமிஷம். உங்க மேல சாஞ்சுக்கட்டுமா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சாய்ந்துகொண்டாள். அவள் பெயர் கோமளம். பாத்திரம் தேய்ப்பவள். இப்போதெல்லாம் ஓடிக்கொண்டே தேய்ப்பதாகச் சொன்னாள்.

"ஏம்மா, இந்த மீசை என்னத்துக்கு?" என்று செங்கமலம் மெல்லக் கேட்டாள்.

"ஒரு ராஜதூதர் வந்தாரு. 'இந்த ஊரு மீசை நல்லாருக்கே'ன்னுட்டுப் போயிட்டாரு. சட்டத்துக்கு முன்னால ஆணும் பொண்ணும் சமம்னு எங்களுக்கும் போட்டுட்டாங்க. எங்க வீட்டுக் கைக்குழந்தைக்கும் உண்டு. பால் குடிச்சா அழிஞ்சுருது, திரும்ப வரையணும்."

"இந்த ஓட்டம்?"

"அதுவும் அப்படித்தான். ஒரு பட்டு வியாபாரி வந்தன்னைக்கு நல்ல மழை. நனையாம இருக்க எல்லாரும் ஓடுனோம். 'இந்த ஊர்ல யாருமே சும்மா நிக்கலை'ன்னுட்டான் பாவி. அப்புறம் ஒருத்தரு வந்தப்ப வெள்ளம். சாமானைத் தூக்கிட்டு ஓடுனோம். 'எல்லார் தலையிலயும் மூட்டை, என்னா செழிப்பு'ன்னாரு. மூட்டைக்குள்ள வைக்க எங்ககிட்ட என்ன இருக்கு? அமைச்சரோட மச்சான் கல்குவாரி வச்சிருக்காரு. கல்லை வாங்கிக் கட்டிக்கிட்டோம்."

"உங்களை ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்களா?"

"நாங்க உள்ளூர்க்காரங்களாம். இங்கயே கெடக்குறதால எங்களுக்கு ஊரைப் பத்தி நடுநிலையாப் பேசத் தெரியாதாம்." கோமளம் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நேத்துவரைக்கும் கையாவது சும்மா இருந்துச்சு. இன்னைக்குக் காலையில எவளோ ஒருத்தி வாசல்ல வந்து, பறக்குற மாதிரி இருக்குன்னாளாம். அவ மட்டும் என் கையில கெடச்சா..."

செங்கமலம் வானத்தைப் பார்த்தாள். "மழை வரும் போலருக்கு" என்றாள்.

அப்போதுதான் தெருக்கோடியில் ஒரு கோபுரம் ஆடி ஆடி வருவதைக் கண்டாள். நெருங்க நெருங்க அது முக்காலிக் கோபுரம் என்று தெரிந்தது. அதற்குக் கீழே தவசி இருந்தான். இரண்டு கைகளாலும் முக்காலிகளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். இளைத்திருந்தான். செங்கமலம் குடையோடு அவன் கூடவே ஓடினாள்.

"யோவ்!"

"வந்துட்டியா கமலம்! கோழியெல்லாம் நல்லாருக்கா?"

"கோழிக்கு என்ன கேடு! உனக்கு என்னய்யா ஆச்சு?"

"உக்காராத ஊர்ல முக்காலி விக்க வந்துட்டேன்" என்றான் தவசி. "ராஜத்துரோகம்னுட்டாங்க. கொண்டு வந்ததைத் தலையில வச்சுக்கிட்டுச் சாகுறவரைக்கும் சுத்தச் சொல்லிட்டாங்க."

"வர்றதுக்கு முன்னாடி விசாரிக்க மாட்டியா?"

"ஊரு பெருசுன்னு விசாரிச்சேன். உக்காருமான்னு யாரு கேப்பா?"

அது நியாயமாகத்தான் இருந்தது. செங்கமலத்துக்குக் கோபம் இறங்கி அழுகை வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே ஓடினாள்.

"அழாத. சுத்துறது பழகிருச்சு. இப்பத்தான் புதுசா ஒரு சங்கடம். கையை அடிச்சுக்கிட்டு ஓடணுமாம். நான் கையை எடுத்தா முக்காலி விழும். எடுக்காததால என்னைச் செக்குல பூட்டப் போறாங்க. நாளைக்குக் காலையில."

"செக்குலயா? மாடு எங்க போச்சு?"

"மாடு ஓய்வுல இருக்கு. யாரோ வெளியூர் அம்மா மாட்டைப் பாத்து 'பாவம்'னு சொல்லிருச்சாம். அதுலேர்ந்து மனுசங்களைத்தான் பூட்டுறாங்க. பூட்டுனவங்களை அவுத்ததே இல்லையாம்." தவசி மூச்சு வாங்கினான். "எந்தக் கூறு கெட்டது பறக்குறதைப் பத்திப் பேசுச்சோ!"

செங்கமலத்தின் கால்கள் தாமாகவே நின்றன. தவசியும் முக்காலிகளும் ஓடி, திருப்பத்தில் மறைந்தார்கள்.

பின்னாலேயே ஓடி வந்து மறுபடி குடைக்குள் புகுந்த கோமளம், அன்று மாலை அவளுக்கு அரச தரிசனம் என்று சொன்னாள். வந்த விருந்தினர் ஒவ்வொருவரையும் அரசர் அழைத்து, இரண்டாம் முறை கருத்துக் கேட்பாராம். தவசியைக் காப்பாற்ற செங்கமலத்திடம் இருந்தது அந்த ஒரு கருத்துதான்.

"கைதிகளை மன்னிக்கிறது பெரிய குணம்னு சொல்லட்டுமா?"

"வேண்டாங்க்கா!" என்று கோமளம் அலறினாள். "போன தடவை ஒரு சாமியார் அப்படித்தான் சொன்னாரு. மன்னிக்க ஆள் போதலைன்னு பக்கத்துத் தெருவையே பிடிச்சு உள்ள போட்டாங்க. மன்னிக்கிற நாள் இன்னும் வரலை."

"முக்காலி அழகுன்னு சொன்னா?"

"எல்லார் தலையிலயும் ஒரு முக்காலி ஏறும். கல்லுக்கு மேல."

இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கதர்த்துண்டு போட்ட ஒருவர் குடைக்குள் நுழைந்தார். எதிர்க்கட்சித் தலைவர் எழுச்சிநம்பி. அகண்டபுரியில் தேர்தல் ஒழுங்காக நடந்துவந்தது. அரசரின் கட்சி வலப்பக்கமாகச் சுற்றச் சொன்னது, எழுச்சிநம்பியின் கட்சி இடப்பக்கமாகச் சுற்றச் சொன்னது. இது தவிர இரண்டு கட்சிகளுக்கும் வேறு கருத்து வேறுபாடு இல்லை. இதன் காரணமாகவே பல குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன.

"தாயே! 'இடப்பக்கம் ஓடினால் இன்னும் அழகு' என்று ஒரே ஒரு வார்த்தை அரசரிடம் சொல்லுங்கள். இந்த மக்களின் விடியல் தங்கள் நாவில் இருக்கிறது!"

"இடப்பக்கம் ஓடுனா கால் வலிக்காதாங்கய்யா?"

"வலிக்கும். ஆனால் அது விடுதலையின் வலி" என்றார் எழுச்சிநம்பி.

மாலையில் செங்கமலத்தை அரண்மனைக் கோபுரத்தின் உச்சிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மாமன்னர் உலகுவியந்தார் மெத்தை போட்ட ஆசனத்தில் உட்கார்ந்திருந்தார். நாடே ஓடும்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்பது அகண்டபுரிச் சட்டத்தின் முதல் வரி. பக்கத்தில் கம்பீரநாதன் நின்ற இடத்தில் ஓடிக்கொண்டு, கைகளையும் சிறகு போல அடித்துக்கொண்டிருந்தார். கீழே நகரம் தெரிந்தது. லட்சக்கணக்கான மனிதர்கள் கைகளை அடித்துக்கொண்டு ஓடியது மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து ஒருவர் முகமும் தெரியவில்லை.

"காலையில் தாங்கள் சொன்னது பொன்னான வார்த்தை" என்றார் அரசர். "பறப்பதற்கு இன்னும் எவ்வளவு நாள் ஆகும் என்று அறிஞர்கள் ஆராய்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், எங்கள் நகரத்தில் தங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது எது?"

செங்கமலம் யோசித்தாள். எதைப் புகழ்ந்தாலும் அது யாராவது ஒருவர் தலையில் விழும். புகழாமல் இருக்கவும் அவளை வளர்க்கவில்லை. கையிலிருந்த குடையைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது.

"ராசா, எனக்கு ரொம்பப் பிடிச்சது, வெளியூர்லேர்ந்து வந்தவங்களை நீங்க வழியனுப்புற அழகுதான்" என்றாள்.

அரசர் புருவத்தை உயர்த்தினார். "தங்களை இன்னும் வழியனுப்பவே இல்லையே?"

"அனுப்பப் போறீங்கல்ல? நீங்க எதைச் செஞ்சாலும் பெருசாத்தான் செய்வீங்க. வெளியூர்க்காரங்க ஒருத்தரையும் விடாம, என்ன குத்தம் பண்ணியிருந்தாலும் பாக்காம, கையில கட்டுச்சோத்தைக் குடுத்து, பொழுது சாயுறதுக்குள்ள வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவீங்க. இப்பவே என் கண்ணுக்குள்ள நிக்குது. இந்த மாதிரி மரியாதையை வேற எந்த ஊர்லயும் பாக்க முடியாதுங்க."

அரசர் கண்ணை மூடி அந்தக் காட்சியை ரசித்தார். பிறகு விரலைச் சொடுக்கினார்.

"அரசே, ஒரு சிறு ஐயம்..." என்று கம்பீரநாதன் தொடங்கினார். அதற்குள் தண்டோராக்காரர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

"விருந்தினர் வாக்கு! விருந்தினர் வாக்கு! வெளியூரிலிருந்து வந்தவர் அனைவரும் பொழுது சாய்வதற்குள் கட்டுச்சோற்றோடு வழியனுப்பப்படுவர்! குற்றம் எதுவும் கணக்கில் கொள்ளப்படாது! மறுப்போர் தண்டிக்கப்படுவர்!"

நகரம் ஒரு கணம் சிறகடிப்பதை மறந்தது.

முதலில் தவசி வாசலை நோக்கி ஓடினான். அவன் பின்னால் கோமளம் ஓடினாள், மீசை வைத்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நீ உள்ளூர்தானே?" என்று காவலர் மடக்கினார்.

"எங்க அப்பா மலையடிவாரத்துலேர்ந்து செங்கல் சுமக்க வந்தாருங்கய்யா. இந்தக் கோபுரத்துக்கு அவருதான் சுமந்தாரு."

காவலர் யோசித்தார். "எங்க அப்பா நெய்தக்கரையிலேர்ந்து படகுல வந்தாரு" என்று சொல்லிவிட்டு, ஈட்டியைச் சுவரில் சாத்திவைத்து அவரும் கிளம்பினார்.

பட்டணத்தில் யாரைக் கேட்டாலும் அப்பாவோ தாத்தாவோ எங்கிருந்தோ வந்தவராக இருந்தார். டீக்கடைக்காரர் தெற்கிலிருந்து, சவரம் செய்பவர் வடக்கிலிருந்து. வாத்தியாரின் குடும்பம் பஞ்சத்தில் பிழைக்க வந்தது. எழுச்சிநம்பியின் தாத்தா ஒரு நாள் திருவிழா பார்க்க வந்து, திரும்பிப் போக மறந்தவர். தலையிலிருந்த கற்களை வாசலில் போட்டுவிட்டு எல்லாரும் வெளியேறினார்கள். கற்கள் குவிந்து சின்ன மலையானது. மச்சானின் குவாரியைவிட அது பெரிதாக இருந்தது.

உச்சியில் அரசர் எட்டிப் பார்த்தார். "கம்பீரநாதா, உள்ளூர்க்காரர்கள் எங்கே?"

"அதைத்தான் அடியேன் சொல்ல வந்தேன், அரசே. இது பெரிய நகரம். பெரிய நகரத்தில் உள்ளூர்க்காரர் இருப்பதில்லை. எல்லாரும் வந்து சேர்ந்தவர்கள்தான். அதனால்தான் அது பெரிதாகிறது." அவர் முதல் முறையாக ஓடுவதை நிறுத்தினார். "என் பாட்டனார் உப்பு வண்டியோடு வந்தவர். ஆகவே அடியேனுக்கும் விடை கொடுக்க வேண்டும். கட்டுச்சோறு கிடைக்குமா?"

"நானாவது உள்ளூர்தானே?"

"தங்கள் முப்பாட்டனார் குதிரை மேல் வந்து இந்த நகரைப் பிடித்தார் என்று பள்ளிப் பாடத்தில் நாமே சேர்த்திருக்கிறோம், அரசே."

அமைச்சர் போனபிறகு அரசர் வெகுநேரம் காலித் தெருக்களைப் பார்த்தார். யாராவது ஒரு விருந்தினர் இப்போது வந்தால் என்ன நினைப்பார் என்று கவலைப்பட்டார். மெல்லப் படியிறங்கினார். குவியலிலிருந்து அளவான ஒரு கல்லை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, கைகளை அடித்தபடி தெருத் தெருவாக ஓடத் தொடங்கினார். ஊர் முழுவதும் பரபரப்பாகத் தெரிய வேண்டும் என்பதால் எல்லாத் தெருவிலும் அவரே ஓட வேண்டியிருந்தது. மூச்சு முட்டியபோது, வாசலில் செங்கமலம் சாத்திவைத்துவிட்டுப் போன பூப்போட்ட குடையைக் கண்டார். அதன் கீழ் சற்று நின்றார். நின்றவர் நாலு பக்கமும் பார்த்தார். அவருக்கு ஒரு கேள்வி தோன்றியது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

வாசலுக்கு வெளியே பெரிய புல்வெளி. அங்கே அத்தனை ஜனமும் உட்கார்ந்திருந்தது. முடியாதவர்களுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் தவசி முக்காலிகளைப் போட்டான். எல்லாரும் கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் சோறு நேராக வயிற்றுக்குப் போகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கோமளம் எச்சில் தொட்டு மீசையை அழித்தாள்.

"அக்கா, நல்ல ஐடியாக்கா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காலையில பறக்குறதைப் பத்திச் சொன்னது நீங்கதானே?"

"ஆமா."

"நெனச்சேன். சோறு வேணுமா?"

அந்த நேரம் எழுச்சிநம்பி ஒரு முக்காலி மீது ஏறி நின்றார்.

"தோழர்களே! விடிந்துவிட்டது!" பொழுது அப்போதுதான் சாய்ந்துகொண்டிருந்தது. "பழைய கொடுமைகளை மறப்போம்! இந்தப் புல்வெளியில் புதியதோர் ஊர் அமைப்போம்! மக்களின் ஊர்!"

கூட்டம் கைதட்டியது. பழக்க தோஷத்தில் சிலர் கைகளைச் சிறகு போல அடித்துக்கொண்டார்கள்.

"நம் புதிய ஊரின் முதல் விருந்தினர் இதோ இருக்கிறார்! மேட்டுத்துறையின் செங்கமலம் அம்மையார்! அம்மா, எங்கள் ஊரைப் பற்றித் தங்கள் கருத்து என்ன?"

ஜனங்கள் அனைவரும் அவள் பக்கம் திரும்பினார்கள். எங்கிருந்தோ பழைய தண்டோராக்காரர் ஒருவர் பறையைத் துடைத்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

செங்கமலத்தின் நாக்கு நுனியில் ஒரு நல்ல வார்த்தை வந்து நின்றது. புல்லு நல்ல பச்சையா இருக்கே என்று சொல்லியிருப்பாள். பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். வளர்த்தவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று, தவசியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா? மரியாதையா இருக்காது" என்றான் தவசி.

"பேசாம வாய்யா."

இருவரும் மெதுவாக, வெகு மெதுவாக நடந்தார்கள். எங்கேயும் போய்ச் சேர அவசரமில்லாத நடை. காட்டின் ஓரத்துக்கு வந்தபோது, பின்னால் புதிய ஊரின் முதல் பறைச் சத்தம் கேட்டது.

"விருந்தினர் வாக்கு! விருந்தினர் வாக்கு! விருந்தினர் வாயைத் திறக்கவில்லை! ஆகவே இந்த நொடி முதல் குடிமக்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது!"